ராஜாவின் அளவுச் சட்டை

எங்கள் சந்துக்கு வந்து இருசப்பன் கடை எது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். காக்கி டெய்லர் என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். கண்டக்டர், தபால்காரர், வாட்ச்மேன், லாட்ஜில் பெட்டி தூக்குகிறவர் என்று ஊரில் காக்கி போட்டவர்களில் பாதிப் பேருக்கு அவன்தான் தைத்தான். அவன் கடைக்கு நேர் எதிரே என் கடை. பட்டன், ஊக்கு, நூல்கண்டு, ஜரிகை, சமிக்கி எல்லாம் விற்கிறேன். பெயர் வெள்ளையம்மாள். மூக்குக்கு மேல் கோபம் என்று என்னைச் சொல்வார்கள். ஒரு டப்பா பட்டனையும் கலைத்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களைக் கொஞ்சவா முடியும்?

இருசப்பன் டேப்பைக் கழுத்தில் போட்டிருப்பானே தவிர அதை வைத்து அளந்து நான் பார்த்தது குறைவு. "அளவு சொக்கா குடுங்க" என்பான். உங்களுக்குச் சரியாக இருக்கிற பழைய சட்டை ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். அதைப் புதுத் துணியின் மேல் விரித்து, ஓரமாகச் சாக்பீஸில் கோடு இழுத்து வெட்டிவிடுவான். வாங்கிய உடனே அந்தப் பழைய சட்டையின் காலர் பட்டன் காஜாவில் ஒரு கலர் நூல் முடிச்சு விழும். ஒருவருக்குப் பச்சை, ஒருவருக்கு ஊதா. நூல் என் கடையில் வாங்கியதுதான். தீபாவளிக்கு மூட்டை மூட்டையாக வந்தாலும் ஒருவர் சட்டை இன்னொருவருக்கு மாறிப் போனது என்ற பேச்சு அவன் கடையில் எழுந்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி அவன் ஒரு குழப்பப் பேர்வழி. டீயா காபியா என்று கேட்டால்கூட "எது இருக்கோ அது அக்கா" என்பான். பெண்டாட்டி காய் வாங்கிவரச் சொன்னால் கத்திரிக்காயா வெண்டைக்காயா என்று மார்க்கெட்டில் நின்று யோசித்துவிட்டு வெறும் பையோடு திரும்புவான். அப்படிப்பட்டவனிடம்தான், எமர்ஜென்சி முடிந்த மறுவருடம், ராமலிங்கம் வாத்தியார் ராஜா உடை தைக்கச் சொல்லி வந்து நின்றார்.

ராமலிங்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். எங்கள் பக்கத்து ஆட்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள், அதற்குக் கதை வசனம் டைரக்‌ஷன் எல்லாம் அவர். உடை மட்டும் வேலூரிலிருந்து வாடகைக்கு வரும். சிவப்பு வெல்வெட் கோட்டு ஒன்று, முழங்கையில் கிழிசல். வடஆற்காட்டில் எந்த ஊர் மேடையில் எந்த ராஜா செத்தாலும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் செத்தான்.

"இந்த வருசம் அந்தக் கோட்டு கூடாது இருசப்பா. சரித்திர நாடகம். உடுப்பெல்லாம் அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். நீதான் தைக்கறே" என்றார் வாத்தியார்.

"எந்தக் காலம் சார்?"

"பழைய காலம்."

"ராஜா பேரு?"

"செம்மலைத்தேவன். பேரு நான் வெச்சது. இந்த அண்ணாமலையைச் சுத்தி ஆண்டான்னு கதை."

இருசப்பன் வெகுநேரம் தலையைச் சொறிந்தான். பிறகு கேட்டான்: "அளவு சொக்கா இருக்குங்களா சார்?"

"யாரோடது? அப்பாதுரைதான் ராஜா வேசம். அவருது உன்கிட்டயே இருக்குமே."

"அவருது இருக்குது சார். நான் ராஜாவோடதைக் கேட்டேன்."

நான் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வாத்தியாருக்குக் கிண்டல் பண்ணுகிறானோ என்று சந்தேகம். எனக்கு அவனைத் தெரியும். அவன் நிஜமாகத்தான் கேட்டான். பழையதைப் பார்க்காமல் அவனுக்குக் கத்திரி நகராது.

அப்பாதுரை தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. நல்ல உயரம், கணீர் குரல். ஆபீஸில் இருக்கிற இடமே தெரியாத மனிதர், மேடை ஏறினால் மைக்கே வேண்டாம். அவர் புதுச் சட்டைக்குத் துணியும் அளவுச் சட்டையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் இருசப்பன் அந்தச் சட்டையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

"அக்கா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்களேன்."

"இன்னாப்பா, ஆம்பள சொக்காயை மோந்து பாக்கச் சொல்றே? கொழுப்பா உனக்கு?"

"இல்லக்கா, உள்ளாற ஏதோ கறை. எத்தனை தடவை அலசினாலும் போவலை. புதுத் துணியில ஒட்டிக்குமோன்னு பயமா இருக்குது."

உள்பக்கம் தோளிலும் நெஞ்சிலும் பழுப்பாக எண்ணெய்க் கறை. மோந்து பார்த்தேன். அந்த வாடையோடு நான் பல வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கார்போகரிசித் தைலம். என் நாத்தனார் ஆதிலட்சுமிக்கு உடம்பில் வெள்ளைத் தழும்பு. தினமும் காலையில் இந்தத் தைலத்தைப் பூசிக்கொண்டு கொல்லை வெயிலில் நிற்பாள். எரிச்சல் தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். தொட்டால் ஒட்டுகிற நோயில்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொல்லி என்ன, பெண் பார்க்க வந்தவன் சொல்ல வேண்டுமே. வந்த வரனெல்லாம் வாசலோடு திரும்பிப் போயிற்று.

விஷயத்தைச் சொன்னதும் இருசப்பன் சட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். "நான் கேட்டிருக்கவே கூடாது அக்கா. கடைக்கு வர்ற துணியைப் பத்தி இதுவரைக்கும் வெளிய பேசினதே கெடயாது. உங்க வாயிலேர்ந்து வந்துறப் போவுது."

"மலையைப் பாத்துச் சொல்றேன், வராது" என்றேன்.

அவன் பயப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அப்பாதுரைக்கு ஒரே பெண், கஸ்தூரி. என் கடைக்கு ரிப்பன் வாங்க வந்தால் உட்கார்ந்து வாயடித்துவிட்டுத்தான் போகும். எத்தனையோ பேர் வந்து பார்த்த பிறகு அப்போதுதான் ஒரு இடம் கூடிவந்திருந்தது. கீழ்பென்னாத்தூரில் மல்லாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் சகாதேவனின் மகன். அப்பனுக்கு வெள்ளை இருந்தால் பெண்ணுக்கும் வரும், பேரப்பிள்ளைக்கும் வரும் என்று ஊர் பேசும். சகாதேவன் காதில் இது விழுந்தால் அந்தக் கல்யாணம் அத்தோடு சரி. அப்பாதுரை முழுக்கைச் சட்டையில் இத்தனை வருடமாக அதைத்தான் மூடிவைத்திருந்தார்.

இருசப்பன் ராஜாவின் சட்டையைத் தேடிப் புறப்பட்டான். மலை சுற்றும் வழியில் ஒரு சின்னக் கோயில் தூணில் ராஜா சிலை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தால், அந்த ராஜாவுக்கு யாரோ வேட்டி கட்டி, நெஞ்சு பூராவும் சந்தனம் அப்பி, மேலே துண்டும் போர்த்தியிருக்கிறார்கள். இவன் குருக்களிடம், "சாமி, துண்டைக் கொஞ்சம் எடுக்கறீங்களா, உள்ளாற இன்னா போட்டிருக்காருன்னு பாத்துக்கறேன்" என்று கேட்டிருக்கிறான். குருக்கள் கற்பூரத் தட்டோடு துரத்திக்கொண்டு வந்தாராம்.

சினிமா போஸ்டரில் ராஜா பூட்ஸ் போட்டிருந்தான். காலண்டரில் வெறும் கால். கூத்து ஆடுகிறவர் ஒருவர், "ராஜான்னா முழுக்கைச் சொக்காய், கீழ பாவாடை மாதிரி சுத்தி விடணும்" என்றார். மாவு மிஷின்காரர் எதற்கும் ஒரு கோட்டு வைத்துக்கொள் என்றார். இருசப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என் கடை முன்னால் வந்து நின்றான்.

"ஒரே ராஜாவுக்கு எத்தனை சொக்காய் அக்கா?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் ராஜாவுக்கு ஊக்கு வித்திருக்கேனா?"

ஒரு நாள் சாயங்காலம் வாத்தியார் ஒரு புத்தகத்தில் சிலைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு ஓட்டமாக வந்தார். அப்போது அப்பாதுரையும் கடையில் இருந்தார். "கெடச்சிருச்சு! மேலுக்கு ஒண்ணும் கெடயாது. கழுத்துல ஆரம், கையில வளை, இடுப்புல கச்சம். அவ்ளோதான். தைச்ச துணியே அந்தக் காலத்து ராஜாவுக்குக் கெடயாதுய்யா!"

"தையலே இல்லாத காலத்துக்கு டெய்லரை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" என்று இருசப்பன் கேட்டான். நான் அப்பாதுரையைப் பார்த்தேன். மனிதர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரே போன வாரம்தான் கீழ்பென்னாத்தூர் போய், "சம்பந்தி, நீங்க எல்லாரும் முன்வரிசையில உக்காந்து பாக்கணும்" என்று அழைத்துவிட்டு வந்திருந்தார். இப்போது நடிக்கமாட்டேன் என்றால் ஏன் என்று ஊர் கேட்கும். நடித்தால் நெஞ்சைக் காட்டிக்கொண்டு சம்பந்தி முன்னால் நிற்க வேண்டும்.

அன்றிலிருந்து இருசப்பனுக்கு என்ன ஆயிற்று என்று சந்தே பேசியது. யாரையும் எதிர்த்துப் பேசாதவன், தினமும் வாத்தியாரோடு மல்லுக்கு நின்றான்.

"ராஜாவுக்குக் குளிராதா சார்?"

"பங்குனி வெயில்ல இன்னாய்யா குளிரு?"

"கொசு கடிக்குமே சார்?"

"அரண்மனையில ஏதுய்யா கொசு?"

தோல் கலரில் முழுக்கைப் பனியன் மாதிரி ஒன்று தைத்துக் காட்டினான். சட்டைக்கு மேலேயே போட்டுப் பார்த்தால் ராஜா அல்வாவில் விழுந்து எழுந்தவர் போல இருந்தார். வாத்தியார் அதைக் கழற்றி வீசினார். அப்பாதுரை மட்டும் அதைக் குனிந்து எடுத்து மடித்து வைத்தார். இருசப்பனுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்ததா என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

கடைசியில் ஒரு நாள் இருசப்பன் என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணும் வெளங்கலை அக்கா. பேசாம கிரிவலம் போயி, இவருக்கு ஒரு வழி காட்டுன்னு வேண்டிக்கலாமான்னு பாக்கறேன்" என்றான். சொல்லிவிட்டு அப்படியே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வாத்தியார் வீட்டுக்கு ஓடினான்.

அங்கே என்ன நடந்தது என்று வாத்தியாரே வந்து சொன்னார். "சார், ராஜா மலைக்கு ஒரு வேண்டுதல் வெச்சிருந்தா? எதிரி ஊரை விட்டுப் போற வரைக்கும் கவசத்தைக் கழட்டமாட்டேன்னு? நம்ம ஊர்ல முடி எடுக்காம, செருப்பு போடாம இருக்கறதில்லையா?" என்று கேட்டிருக்கிறான். வாத்தியாருக்குப் புல்லரித்துவிட்டது. "என்னமா ஒரு பாயிண்ட்டு பாருங்க வெள்ளையம்மா! தூங்கறப்பவும் கவசம், சாப்படறப்பவும் கவசம். இன்னொரு ராஜாவுக்கு இது உண்டா?"

கவசம் தைக்க ஆரம்பித்தான். அளவுக்கு அப்பாதுரையின் பழைய சட்டையையே விரித்துப் போட்டுக்கொண்டான். விறைப்பான பக்ரம் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, மேலே சாம்பல் கலர் சாட்டின், அதன் மேல் மீன் செதில் மாதிரி வரிசை வரிசையாகச் சமிக்கி. என் கடையில் வெள்ளிச் சமிக்கி தீர்ந்துபோய் வேலூருக்குச் சொல்லி அனுப்பினேன். கழுத்து வரை மேலே, மணிக்கட்டு வரை கை. பின்னால் நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி. ராஜா போல இருந்ததா என்று கேட்காதீர்கள். ஒரு பெரிய கெண்டை மீன் எழுந்து நின்றது போல இருந்தது. ஆனால் அப்பாதுரை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது அவர் தோள் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன். அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடா இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. வாத்தியார் கடைசிக் காட்சியைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்துவிட்டார். பகைவன் ஓடிவிட்டான், வேண்டுதல் நிறைவேறிவிட்டது. ராஜா மலையைப் பார்த்து நின்று, எல்லார் முன்னாலும் கவசத்தைக் கழற்றி மலையடியில் வைக்கிறான். "இதுக்குத்தான்யா ஜனம் கை தட்டப் போவுது!" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் பட்டன் டப்பாவை அவர் மேலேயே விட்டெறிந்திருப்பேன். இருசப்பன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். கவசத்தை யோசித்துச் சொன்னவனே அவன்தானே, இப்போது கழற்ற வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வான்? ஒத்திகையில் அப்பாதுரை அந்தத் தோல் கலர் பனியன் மேல் கவசம் போட்டுக்கொண்டு ஒப்பேற்றினார். "அன்னிக்கு பனியன் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்" என்றார் வாத்தியார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட மைதானம். மேடையிலிருந்து பார்த்தால் எதிரே நிஜமான மலை தெரிகிற மாதிரி போட்டிருந்தார்கள். நாடகம் தொடங்குவதற்கு முன்னால் நான் உதிர்ந்த சமிக்கியைத் தைத்துக் கொடுக்க உள்ளே போனேன். அப்பாதுரை கவசத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறார், இருசப்பன் முதுகுப் பக்கம் கோணி ஊசியோடு நிற்கிறான்.

"இன்னா பண்றே இருசப்பா?" என்று அப்பாதுரை கேட்டார்.

"கொஞ்சம் லூஸா இருக்குதுங்க" என்றான். மேலே இருந்து கீழே வரை சணல் நூலை இரட்டையாகப் போட்டு இழுத்து இழுத்துத் தைத்தான். நாடாவைச் சும்மா அதன் மேல் அழகுக்கு முடிந்துவிட்டான். அப்பாதுரை அதற்குள் வசனத்தை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். கஸ்தூரி என் பக்கத்தில். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் சகாதேவன். கனத்த ஆள். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன், கழுத்து வரை பட்டன், மேலே துண்டு வேறு. பெரிய மனுஷன் தோரணை என்று நினைத்துக்கொண்டேன்.

நாடகம் நன்றாகத்தான் போயிற்று. ராஜா கவசத்தோடு தூங்கியபோது பிள்ளைகள் சிரித்தார்கள், அவ்வளவுதான். கடைசிக் காட்சி வந்தது. கஸ்தூரி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அத்தே, அப்பா கழட்டிருவாரா?" என்றாள். பாவி மகள், அவளுக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

"அண்ணாமலையே! என் விரதம் நிறைவேறியது. இதோ, இந்தக் கவசத்தை உன் காலடியில் வைக்கிறேன்!" என்று முழங்கிவிட்டு அப்பாதுரை நாடாவை இழுத்தார். நாடா கையோடு வந்தது. கவசம் வரவில்லை. மறுபடி இழுத்தார். தோளைக் குலுக்கினார். சமிக்கி கொட்டியது.

"இறுக்கிக் கட்டிட்டாங்கடோய்!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். கூட்டம் சிரித்தது. மேடை ஓரத்தில் வாத்தியார் கையைக் காலை ஆட்டுகிறார். அப்பாதுரை அசையாமல் நின்றார். முதுகில் இருக்கும் தையல் அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மலையைப் பார்த்தார். பிறகு ஒரு குரல் வந்தது பாருங்கள், அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை.

"இல்லை! என் விரதம் இன்னும் முடியவில்லை. என் மகளை ஒரு நல்ல இடத்தில் ஒப்படைக்கும்வரை இந்தக் கவசம் என் உடம்பை விட்டு இறங்காது!"

கைதட்டல் பொரிந்தது. கஸ்தூரி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சகாதேவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே வாத்தியார், "ராஜாவுக்கு ஏதுய்யா மகள்? எந்தக் காட்சியிலய்யா வந்தா மகள்?" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். இருசப்பனைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். அவன், "கொழம்பிட்டேன் சார். கட்டறதா தைக்கறதான்னு கொழம்பி, ரெண்டையும் பண்ணிட்டேன்" என்றானாம்.

சித்திரையில் நிச்சயதார்த்தம் என்று பேச்சாயிற்று. சம்பந்திக்குத் தைத்த சட்டையே வைத்துக் கொடுப்போம் என்று அப்பாதுரை ஆசைப்பட்டார். தனக்கும் அதே துணியில் ஒன்று. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் சகாதேவனின் அளவுச் சட்டை வந்தது. வந்த சாயங்காலம் இருசப்பன் அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான். என் முன்னால் நீட்டினான்.

அதே கறை. தோளில், கையில், நெஞ்சில். அதே வாடை.

"நீ அப்பாதுரை சொக்காயை இதோட சேத்து வெச்சிட்டியாப்பா?"

"இல்லக்கா. இப்பதான் கட்டைப் பிரிச்சேன்."

எனக்கு உடனே அந்தப் புழுக்கத்தில் கழுத்து வரை பட்டன் போட்டு உட்கார்ந்திருந்த மனிதர் கண் முன்னால் வந்தார். அட கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். அவருக்குத் தெரியக்கூடாதென்று இவர் சாகிறார், இவருக்குத் தெரியக்கூடாதென்று அவர் சாகிறார்.

"சொல்லிரலாமா அக்கா?" என்றான் இருசப்பன். "யாருகிட்ட முதல்ல சொல்றது? இவருகிட்ட சொன்னா அவரைக் காட்டிக் குடுத்த மாதிரி. அவருகிட்ட சொன்னா இவரை. சொல்லலேன்னா கல்யாணத்துக்கு அப்பறம் யாரு வீட்டுலயாவது தெரிஞ்சு, ஏமாத்திட்டீங்கன்னு அந்தப் பொண்ணைத்தானே அக்கா திருப்பி அனுப்புவாங்க?"

எல்லாவற்றுக்கும் பட்டென்று பதில் சொல்கிறவள் நான். அன்றைக்கு, "எனக்கே தலை சுத்துது, போப்பா" என்று கத்திவிட்டேன். அவன் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தான். என் கண் முன்னால்தான் முடிச்சுப் போட்டான். அப்பாதுரைக்குப் பச்சை, சகாதேவனுக்கு ஊதா. அந்த ஊதா நூல்கண்டை எடுத்துக் கொடுத்ததே நான்.

இரண்டு புதுச் சட்டையும் ஆயிற்று. பேப்பரில் சுற்றி, ஒவ்வொன்றோடும் அந்தந்த அளவுச் சட்டையை வைத்துச் சணல் போட்டான். ஒன்றைக் கஸ்தூரி வந்து வாங்கிக்கொண்டு போனாள். இன்னொன்று அதே கண்டக்டரோடு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறியது.

மறுநாள் காலையில் நான் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போதே அப்பாதுரை பேப்பர் கட்டோடு வந்தார். தலைகூட வாரவில்லை. ஆபீஸுக்குப் போகிற நேரத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"இருசப்பா, மாறிப் போச்சுய்யா" என்றார். "காலையில பழசைத்தான் எடுத்தேன். மோந்தா என்னுதுதான். போட்டுப் பாத்தா தொளதொளன்னு தொங்குது. வாசனை என்னுது, அளவு என்னுது இல்ல. இன்னாய்யா இது? யாரு சொக்காய் இது?"

இருசப்பன் எழுந்து நின்றான். "கீழ்பென்னாத்தூர் கட்டும் உங்க கட்டும் மாறிடுச்சு போலருக்குதுங்க. கொழம்பிட்டேன்."

"டேய் இருசப்பா! ஒரு நாளும் மாறாத சொக்காய் இன்னிக்கு எப்படிடா மாறும்? பச்சை எங்கே, ஊதா எங்கே?" என்று என் கடையிலிருந்தே கத்தினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாதுரைக்கு முதலில் தன் சட்டை அங்கே போயிருக்கிறது என்பது மட்டும்தான் உறைத்தது. "போச்சுய்யா. என் பொண்ணு வாழ்க்கை போச்சு" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகுதான் கையில் இருந்த சட்டையைத் திரும்ப ஒரு முறை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். எடுத்தார். மறுபடி கொண்டுபோனார். பெரிய அளவு சட்டையை விரித்து உள்பக்கக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் சகாதேவன் சந்துக்குள் வந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். கையில் மஞ்சள் பை, பையின் வாயில் அப்பாதுரையின் பழைய சட்டைக் காலர் எட்டிப் பார்த்தது. சண்டைக்கு வந்திருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவர் பெஞ்சின் அந்த முனையில் உட்கார்ந்தார். அப்பாதுரை இந்த முனையில். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம்.

இருசப்பன் இரண்டு டீ சொன்னான். டீ வந்தது. குடித்தார்கள். நான் நின்ற இடத்திலேயே மலையை வேண்டிக்கொண்டேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள், அவளை என் ஆதிலட்சுமி மாதிரி ஆக்கிவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

சகாதேவன் டம்ளரைக் கீழே வைத்தார். பையிலிருந்து சட்டையை எடுத்து, மடிப்புக் கலையாமல் அப்பாதுரையின் மடியில் வைத்தார்.

"ஏன் சம்பந்தி," என்றார் மெதுவாக, "காலம்பர வெயில்ல நிக்கறப்ப உங்களுக்கும் எரியுதா?"

அப்பாதுரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிறகு கையைக் கொண்டுபோய்த் தன் கழுத்துப் பட்டனைக் கழற்றினார். அடுத்த பட்டனையும் கழற்றினார்.

எதிரே இருசப்பன் குனிந்துகொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். நூல் போகவே இல்லை. என் கடையில் ஒரு பெண் ஜரிகை கேட்டு நின்றாள். அளக்க ஆரம்பித்தேன், எத்தனை முழம் ஆயிற்று என்று மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து அளந்தேன்.